யார் இந்துஸ்தானி?

இந்துஸ்தானி என்றதும் நம் ஊரில் பெரும்பாலோருக்கு இசைதான் நினைவுக்கு வரும். மார்கழி முழுக்கக் கர்நாடக இசை, நடுவில் ஒரு மாலை மட்டும் தபலாவும் ஹார்மோனியமுமாக ஓர் இந்துஸ்தானிக் கச்சேரி. அரசியல் வரலாறு படித்தவர்களுக்கு அது 1938-ல் சென்னை மாகாணப் பள்ளிகளில் கட்டாயமாக்கப்பட்ட மொழியின் பெயர். டெல்லியில் ஒருவர் தன்னை இந்துஸ்தானி என்று சொன்னால் ‘நான் இந்தியன்’ என்று அர்த்தம். கொல்கத்தாவில் அதே சொல், பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவரைக் குறிக்கும். தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டிலோ அது ஒரு சமூகத்தின் பெயர். அங்கே லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சி விவாதங்களில் அடிக்கடி ஒன்றைக் கேட்கிறேன். “இந்துஸ்தான் என்றாலே இந்துக்களின் நாடு, பெயரிலேயே இருக்கிறதே” என்கிறார் ஒருவர். எதிரில் இருப்பவரும் அந்த அர்த்தத்தை அப்படியே ஒப்புக்கொண்டு, அதனாலேயே அந்தப் பெயர் வேண்டாம் என்கிறார். இரண்டு பேருமே அந்தச் சொல்லுக்குள் ஒரு மதத்தைப் பார்க்கிறார்கள். அதன் பிறப்பில் மதம் எதுவும் இல்லை. ஓர் ஆறும் ஓர் இடமும்தான் இருந்தன.

அந்த ஆறு சிந்து. சமஸ்கிருதத்தில் ‘ச’ ஒலி வருகிற பல இடங்களில் பழைய ஈரானிய மொழிகளில் ‘ஹ’ வரும். இங்கே சோமம், அங்கே ஹவோமா. இங்கே அசுரன், அங்கே அஹுரா. இங்கே சப்த, அங்கே ஹப்த. அதே வழியில் சிந்து அங்கே ஹிந்து ஆனது. கி.மு. 500-ஐ ஒட்டிப் பாரசீகப் பேரரசன் டேரியஸ் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளைப் பாறையில் வெட்டி வைத்தபோது, சிந்து நதிப் பகுதியை ‘ஹிதுஷ்’ என்று எழுதினான். சூசாவில் அவன் கட்டிய அரண்மனையின் கல்வெட்டில், வேலைப்பாட்டுக்கான தந்தம் வந்த இடங்களில் ஒன்றாக இந்தப் பெயர் வருகிறது. ஒரு பேரரசின் வரிக்கணக்கிலும் சரக்குப் பட்டியலிலும்தான் நம் சொல் முதலில் தலைகாட்டுகிறது. கிரேக்கர்கள் அதைப் பாரசீகர்களிடமிருந்து வாங்கி, முன்னால் இருந்த ‘ஹ’வை விட்டுவிட்டு ‘இந்தோஸ்’ என்றார்கள். இந்தியா அந்தக் கிளையில் வந்தது. இந்து, இந்தி, இந்தியா, இந்துஸ்தான் நான்கும் ஒரே ஆற்றின் பெயர்கள்.

‘ஸ்தான்’ பாரசீகத்தில் இடம். சமஸ்கிருத ‘ஸ்தான’த்துக்கு உறவு. நம் தேவஸ்தானத்திலும் சமஸ்தானத்திலும் இருப்பது அதே சொல்தான். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் சாசானியப் பேரரசன் முதலாம் ஷாபூர், ஈரானின் நக்ஷ்-இ-ருஸ்தமில் மூன்று மொழிகளில் ஒரு நீண்ட கல்வெட்டு வைத்தான். தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் ‘ஹிந்தெஸ்தான்’ என்று ஒன்றை அதில் சேர்த்திருக்கிறான். இஸ்லாம் பிறப்பதற்கு 300 வருடங்களுக்கு மேல் முந்தைய சங்கதி இது. இந்துஸ்தான் முஸ்லிம்கள் கொண்டுவந்த பெயர் என்று சொல்பவர்களுக்கும், இந்துக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் என்று சொல்பவர்களுக்கும் இந்த ஒரு கல்வெட்டு போதும்.

கடைசியில் வரும் ‘ஈ’ நமக்கு நன்றாகவே பழக்கமான விகுதி. பனாரஸிலிருந்து வருவது பனாரசி. வடக்கே நம்மைக் கூப்பிடும் ‘மதராசி’யிலும் அதுதான் இருக்கிறது. இடத்தின் பெயரோடு ‘ஈ’ சேர்த்தால் அந்த இடத்து ஆள், பொருள், பேச்சு எதுவாகவும் அது நிற்கும். மதராசி என்று நாம் நமக்குப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. விந்தியத்துக்கு வடக்கே இருந்து பார்ப்பவருக்குத் தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் ஒரே கூட்டமாகத் தெரிந்ததால் வந்த பெயர். இந்துஸ்தானியும் அப்படித்தான். யார் எந்தத் திசையில் நின்றுகொண்டு கூப்பிடுகிறார் என்று கேட்டால்தான் அது யாரைக் குறிக்கிறது என்று விளங்கும்.

வெளியாள் வைத்த பெயரை உள்ளே இருப்பவர் விரும்பி எடுத்துக்கொள்வதும் உண்டு. அமீர் குஸ்ரோ அப்படி எடுத்துக்கொண்டவர். 1253-ல் வட இந்தியாவில் பிறந்தவர். அப்பா துருக்கியர், அம்மா இந்த மண்ணைச் சேர்ந்தவர். பாரசீகத்தில் பெரும் கவிஞர். ஆனாலும் தன்னை ‘இந்துஸ்தானித் துருக்கியன்’ என்று சொல்லிக்கொண்டு, கேட்பவருக்கு ஹிந்தவியில், அதாவது இந்நாட்டுப் பேச்சில், பதில் சொல்வேன், அரபியில் பேச என்னிடம் எகிப்துச் சர்க்கரை இல்லை என்று பாடினார். இந்த வரியின் பெருமிதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அப்புறம் 1318-ல் எழுதிய ஒரு காவியத்தில் இந்நாட்டு மொழிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். சிந்தி, காஷ்மீரி, குஜராத்தி, வங்காளம், அவத் என்று போகும் அந்த வரிசையில் துவாரசமுத்திரத்தின் மொழியும் (கன்னடம்) தெலுங்கும் வருகின்றன. ‘மாபாரி’ என்று ஒன்றும் வருகிறது. மாபார் என்பது சோழமண்டலக் கரைக்கு அரபுக்காரர்கள் வைத்த பெயர். மாபாரி நம் தமிழ். டெல்லி தர்பாரில் உட்கார்ந்திருந்த ஒருவர் இந்நாட்டு மொழிகளை எண்ணியபோது தமிழை விட்டுவிடவில்லை. தன் ஊர்ப் பேச்சை அவர் ‘டெல்லியும் அதைச் சுற்றிய பகுதியும்’ பேசும் மொழி என்று சொல்கிறார். அதுவும் பல மொழிகளுக்கு நடுவே ஒன்று, அவ்வளவுதான். நாட்டுக்கே உரிய ஒரே மொழி என்ற எண்ணம் அவருக்கு இல்லை.

பாபரின் கதை வேறு. 1526 ஜனவரியில், பானிபட் போருக்குச் சில மாதங்கள் முன்பு, பஞ்சாபின் ஆளுநராக இருந்த தௌலத் கான் லோடி அவரிடம் சரணடைந்தான். சண்டைக்கென்று இடுப்பில் கட்டிய இரண்டு வாள்களையும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வரச் சொன்னார் பாபர். வந்து மண்டியிடத் தயங்கியவனைக் காலைப் பிடித்து இழுத்து மண்டியிட வைத்தார்கள். பிறகு எதிரே உட்காரவைத்து, இந்துஸ்தானி மொழி தெரிந்த ஓர் ஆளைக் கூப்பிட்டு, தான் பேசுவதை ஒவ்வொரு வாக்கியமாக அவனுக்கு எடுத்துச் சொல்ல வைத்தார். தன் நினைவுக் குறிப்பில் பாபரே இதை எழுதியிருக்கிறார். இந்துஸ்தானி ஒரு மொழியின் பெயராக நிற்கும் பழைய சான்றுகளில் இது முக்கியமானது. அது ஐரோப்பியர் உருவாக்கிய பெயர் என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொழி ஆய்வாளர் ஜார்ஜ் கிரியர்சன் எழுதினார். ஐரோப்பியர் அதைப் பரப்பினார்கள் என்பது உண்மை. உருவாக்கியது அவர்கள் இல்லை.

பாபருக்கு இந்துஸ்தானம் பிடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல குதிரை இல்லை, திராட்சை இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த தண்ணீர் இல்லை, குளியல் மண்டபம் இல்லை என்று பெரிய பட்டியலே போட்டிருக்கிறார். நிறையத் தங்கமும் எண்ணற்ற கைவினைஞர்களும் இருப்பதைப் பாராட்டவும் செய்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது இவை எதுவும் இல்லை, போகிற போக்கில் அவர் சொல்லும் இன்னொரு விஷயம். அரபுக்காரர்கள் அரபு நாட்டுக்கு வெளியே உள்ள எல்லா இடத்தையும் ‘அஜம்’ என்பது போல, இந்துஸ்தானிகள் இந்துஸ்தானத்துக்கு வெளியே உள்ள எல்லா இடத்தையும் ‘குராசான்’ என்கிறார்கள் என்று எழுதுகிறார். காபூலிலிருந்து வந்தவர் இங்குள்ளவர்களை மொத்தமாக இந்துஸ்தானி என்றார். இங்குள்ளவர்கள் அவரை மொத்தமாகக் குராசானி என்றார்கள்.

மேற்கிலிருந்து வந்தவர்களுக்கு சிந்துவுக்கு இந்தப் பக்கம் எல்லாமே இந்துஸ்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. முகலாயர் காலத்தில் இந்துஸ்தான் என்றால் பெரும்பாலும் கங்கை, யமுனைச் சமவெளி. நர்மதைக்குத் தெற்கே தக்காணம். கிழக்கே வங்காளம் தனி. 18-ஆம் நூற்றாண்டில் மராட்டியப் படைகள் நர்மதையைத் தாண்டி வடக்கே போனபோது ‘இந்துஸ்தானத்துக்குப் போகிறோம்’ என்றுதான் சொன்னார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஹைதராபாதில், நிஜாம் அரசில் வேலைக்கு வந்த வடக்கத்தியர்களை உள்ளூர் உருது பேசுபவர்கள் இந்துஸ்தானிகள் என்றார்கள். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மொழி. பெரும்பாலும் மதமும் ஒன்றே. ஆனாலும் அவர் இந்துஸ்தானி, இவர் முல்கி, அதாவது உள்ளூர்க்காரர். இந்தச் சொல்லில் மதம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

வேலை நிமித்தம் கொஞ்ச காலம் கொல்கத்தாவில் இருந்தேன். வீட்டுக்காரம்மா ஒரு நாள், “பால் கொண்டுவருகிறவர் நல்ல மனிதர்தான், ஹிந்துஸ்தானி” என்றார். “அப்போது நீங்கள்?” என்று கேட்டேன். “நாங்கள் வங்காளிகள்” என்றார், இதில் என்ன சந்தேகம் என்பது போல. அவருக்கு நான் மதராசி, பால்காரர் ஹிந்துஸ்தானி. அந்தப் பால்காரர் பீகாரின் சாப்ரா பக்கத்துக்காரர். பேசுவது போஜ்புரி. அவரிடம் கேட்டால் முதலில் தன்னைப் பீகாரி என்பார், கிராமத்துப் பெயரைச் சொல்வார். வங்காளத்திலிருந்து மேற்கே பார்த்தால் பனாரஸ், பட்னா, லக்னோ எல்லாமே ஒரே இந்துஸ்தான்.

இசைக்கு அந்தப் பெயர் நிலைத்ததும் இந்தக் குறுகிய அர்த்தத்தில்தான் என்று நினைக்கிறேன். நாடு முழுவதும் இந்துஸ்தான் என்றால் கர்நாடக இசையும் இந்துஸ்தானி இசைதானே? வடக்கு மட்டும் இந்துஸ்தான் என்று பேசும் ஊரில்தான் அந்தப் பிரிவுக்கு அர்த்தம் வரும். வட இந்திய இசையை முறைப்படுத்தி எழுதிய விஷ்ணு நாராயண் பாத்கண்டே பம்பாய்க்காரர், மராத்தி பேசியவர். 1910 முதல் அவர் வெளியிட்ட பெரிய நூல் வரிசைக்கு ‘இந்துஸ்தானி சங்கீதப் பத்ததி’ என்று பெயர் வைத்தார். எழுதியதும் மராத்தியில்தான். நர்மதைக்கு வடக்கே இந்துஸ்தான் என்று பேசிய மொழிக்காரர் தேர்ந்தெடுத்த பெயர் அது.

அந்த நூலுக்குப் பின்னால் தமிழ்நாடு இருக்கிறது என்பது நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை. பாத்கண்டே 1904-ல் தெற்கே பயணம் வந்தார். சென்னை, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றி எட்டயபுரம் போனார். அங்கே முத்துசாமி தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். அதே வருடம்தான் சுப்பராம தீட்சிதரின் பெருநூலும் எட்டயபுரத்தில் அச்சாகி வெளிவந்தது. தஞ்சை நாயக்கர் அவையில் இருந்த வேங்கடமகி 72 மேளங்களாக ராகங்களை வகுத்த முறை பாத்கண்டேயை ஆழமாகப் பாதித்தது. வடக்கத்திய ராகங்களை அவர் தாட் எனப்படும் 10 தாய் வரிசைகளுக்குள் அடக்கிக் காட்டியதில் அந்தப் பாதிப்பு தெரிகிறது. இன்று இந்துஸ்தானி இசை கற்கும் எந்த மாணவரும் பிலாவல், கல்யாண், பைரவ் என்று தாட் வரிசையைச் சொல்லாமல் தேர்வு எழுத முடியாது. அந்த வரிசைக்கான வித்து காவிரிக் கரையில் கிடைத்தது.

கிரானா கரானா என்ற இசைப் பரம்பரையின் பெரும் பாடகர் அப்துல் கரீம் கானையும் இங்கே சொல்லியாக வேண்டும். கர்நாடக இசையை அவர் காதலித்தார் என்றே சொல்ல வேண்டும். தியாகராஜர் கிருதியைக் கற்றுப் பாடி இசைத்தட்டிலும் பதிவு செய்தார். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும்போது உடம்பு சரியில்லாமல் செங்கல்பட்டுக்கு முன்னால் சிங்கப்பெருமாள்கோவில் நிலையத்தில் இறங்கினார். அங்கேயே உயிர் பிரிந்தது. அந்த நிலையத்தைக் கடந்து போகும் போதெல்லாம் அவருடைய குரலை நினைத்துக்கொள்வேன்.

சரி, மொழிக்கு வருவோம். இசையில் அமைதியாக நிலைத்த பெயர் மொழியில் பெரிய சண்டைக்கு உள்ளானது.

முகலாய தர்பாருக்கு வந்த ஆங்கிலேயத் தூதர் தாமஸ் ரோவோடு இருந்த பாதிரியார் எட்வர்ட் டெர்ரி ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். தூதர் வீட்டில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி. விடிந்தால் திட்ட ஆரம்பித்து அந்தி வரை ஓயமாட்டாளாம். தாமஸ் கொரியட் என்ற ஊர்சுற்றி ஆங்கிலேயர், ‘இந்தோஸ்தான்’ பேச்சு கற்றவர், ஒரு நாள் காலையில் அவளுடைய மொழியிலேயே பதிலுக்குத் திட்ட, எட்டு மணிக்குள் அவளுக்குப் பேச வார்த்தையே இல்லாமல் போய்விட்டதாம். 1610-களின் கதை. இந்துஸ்தானி கற்ற ஐரோப்பியர்களில் முதல் வரிசைக்காரர் ஒருவர் வசவில் தேர்ச்சி பெற்றிருக்கிறார். தர்பாரில் பாரசீகம் போதும், தெருவுக்கும் சந்தைக்கும் இந்த மொழி வேண்டும் என்பதையும் இந்தக் கதை காட்டுகிறது.

1698 வாக்கில் டச்சுக் கம்பெனியின் யோஹான் யோசுவா கெட்டலார் ஓர் இலக்கணம் எழுதினார். நமக்கு நெருக்கமானது அதற்கு அடுத்து வந்தது. பெஞ்சமின் ஷூல்ட்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி, சீகன்பால்கு மறைந்த பிறகு 1719-ல் தரங்கம்பாடி வந்து, அவர் விட்டுச்சென்ற தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து முடித்தவர். பிறகு சென்னைக்குக் குடிபெயர்ந்தார். இங்கே தமிழும் தெலுங்கும் போதவில்லை, முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் பேசிய மொழியும் தேவை என்று கண்டு அதையும் கற்றார். அவர் லத்தீனில் எழுதிய இந்துஸ்தானி இலக்கணத்தின் முன்னுரை 1741-ல் சென்னையில் எழுதப்பட்டது. நூல் 1745-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சானது. உலகில் முதன்முதலாக அச்சேறிய இந்துஸ்தானி இலக்கணங்களில் ஒன்று நம் சென்னையில் பிறந்தது. அதில் இருப்பது டெல்லிப் பேச்சு இல்லை, தக்காணத்துப் பேச்சான தக்கனி. இன்றும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீடுகளில் கேட்கிற மொழியின் மூதாதை.

அந்தக் காலத்தில் இந்த மொழிக்கு ஒரே பெயர் கிடையாது. ஹிந்தவி, ஹிந்தி, தெஹ்லவி, தக்கனி, ரேக்தா, இந்துஸ்தானி எல்லாம் புழக்கத்தில் இருந்தன. ஆங்கிலேயர்கள் ‘மூர்ஸ்’ என்றார்கள். ‘உர்தூ’ என்ற பெயர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மொழிக்கு வந்தது. டெல்லியின் அரச வளாகத்தை உர்தூ-இ-முஅல்லா என்பார்கள், அங்கே பேசிய மொழி என்ற அர்த்தத்தில். நாம் உருதுக் கவிஞர் என்று கொண்டாடும் காலிப்பின் கடிதத் தொகுப்பு 1868-ல் வந்தபோது அதன் தலைப்பு ‘ஊத்-இ-ஹிந்தி’. உருதின் உச்சக் கவிஞரின் உரைநடைக்குத் தலைப்பில் ‘ஹிந்தி’. அவருக்கும் அவர் வாசகருக்கும் இதில் முரண் ஏதும் தெரியவில்லை.

இந்தப் பெயர்க் கூட்டத்திலிருந்து இந்துஸ்தானியைப் பிடித்து முன்னால் நிறுத்தியவர் ஜான் கில்கிறிஸ்ட். ஸ்காட்லாந்துக்காரர், படித்தது மருத்துவம், வந்தது கம்பெனி ராணுவத்துக்கு. சிப்பாய்களிடம் பேச இந்த மொழி தேவை என்று கண்டு, விடுப்பு வாங்கிக்கொண்டு ஃபைசாபாதில் தாடி வளர்த்து உள்ளூர் உடையில் உட்கார்ந்து படித்தார். காசிப்பூரில் அவுரித் தோட்டமும் வைத்துப் பார்த்தார். அகராதியும் இலக்கணமும் எழுதினார். 1800-ல் கல்கத்தாவில் வெல்லெஸ்லி தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரியில் இந்துஸ்தானிப் பேராசிரியர் ஆனார். மொழியில் அவர் மூன்று நடைகளைக் கண்டார். பாரசீகம் நிறைந்த தர்பார் நடை, கிராமத்து ஹிந்தவி நடை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. நடுவில் உள்ளதே அசல் இந்துஸ்தானி என்பது அவர் கட்சி.

அங்கேதான் பின்னால் வந்த பிளவும் தொடங்கியது என்று பலர் சொல்வார்கள். மீர் அம்மன் போன்றவர்கள் அதே கல்லூரியில் பாரசீக எழுத்தில் எழுதினார்கள். லல்லு லால் நாகரியில், அதாவது இன்று இந்தி எழுதும் எழுத்தில், அரபு பாரசீகச் சொற்களைத் தவிர்த்து எழுதினார். ஒரே வளாகத்தில், ஒரே பேச்சு மொழிக்கு இரண்டு உரைநடைகள் உருவாயின. முழுப்பழியையும் கல்லூரியின் மேல் போட என்னால் முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் பிடிவாதமாக இழுத்திருக்காவிட்டால் அந்த இரண்டு நடைகளும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்திருக்க முடியும். 1837-ல் பாரசீகம் நீதிமன்றங்களிலிருந்து போனதும் அந்த இடத்தில் எந்த எழுத்து என்ற கேள்வி வந்தது. எழுத்து என்றால் குமாஸ்தா வேலை, எழுத்து என்றால் சம்பளம். 1893-ல் காசியில் நாகரி பிரச்சாரிணி சபா. 1900-ல் வடமேற்கு மாகாணத்தின் (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) ஆளுநர் மெக்டொனல் நாகரிக்கும் இடம் கொடுத்து ஆணையிட்டார். 1903-ல் உருது வளர்ச்சிக்கென்று ஒரு சங்கம். நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு பக்கம் இந்தி, மறுபக்கம் உருது என்று கோடு கிழித்தாயிற்று.

அந்தக் கோட்டை அழிக்க முயன்றவர் காந்தி. வடக்கே இந்துக்களும் முஸ்லிம்களும் பேசுகிற, நாகரியிலும் பாரசீக எழுத்திலும் எழுதப்படுகிற ஒரே மொழி என்று அதை அவர் விளக்கினார். முதலில் இந்தி என்றார், பிறகு இந்தி-இந்துஸ்தானி, கடைசியில் இந்துஸ்தானி. 1925 கான்பூர் மாநாட்டில் காங்கிரஸ் தன் நடவடிக்கைகளை முடிந்தவரை இந்துஸ்தானியில் நடத்துவதென்று முடிவெடுத்தது. 1942-ல் அவர் இந்துஸ்தானி பிரச்சார சபையைத் தொடங்கினார். 1945-ல், இரண்டு எழுத்துகளையும் ஏற்க மறுத்த இந்தி சாகித்திய சம்மேளனத்திலிருந்தே விலகினார். பல வருடங்கள் தான் வளர்த்த அமைப்பை ஒரு சொல்லுக்காக விட்டு வெளியேறினார்.

இதே காலத்தில்தான் நம் வீட்டுக் கதவை அந்தச் சொல் தட்டியது. ராஜாஜியின் அரசு 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் ‘இந்துஸ்தானி’யைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆணையில் இருந்த பெயர் இந்துஸ்தானி. தெருவில் எழுந்த முழக்கம் ‘இந்தி ஒழிக’. அரசு சொன்ன பெயரை மக்கள் ஒரு நாள் கூட ஏற்கவில்லை. கட்டாயம் என்று வந்த பிறகு அதற்கு என்ன பெயர் வைத்தால் என்ன? நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் சிறைப்பட்ட நிலையில் இறந்தார்கள். 1940 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இந்து முஸ்லிம் ஒற்றுமைக்கான மொழி என்பது வடக்கின் வாதம். இங்கே அது பொருந்தவே இல்லை. சென்னை சட்டமன்றத்தில் முஸ்லிம் லீக்கைச் சேர்ந்த பி. கலிபுல்லா எழுந்து, நான் ராவுத்தர், என் தாய்மொழி தமிழ், உருது இல்லை, அதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான் என்று பேசினார். இங்கே இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் பொதுமொழி ஏற்கெனவே இருந்தது. தமிழ் அந்த வேலையைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது. காந்தியின் நோக்கம் எனக்குப் புனிதமாகவே படுகிறது. ஆனால் கங்கைக் கரையின் காயத்துக்கான மருந்தை, அந்தக் காயமே இல்லாத காவிரிக் கரைப் பிள்ளைகளுக்குப் புகட்ட நினைத்தது நியாயமில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை கூடியபோது, அதன் விதிகளில் இந்துஸ்தானியும் ஆங்கிலமும்தான் சபை மொழிகள். இந்துஸ்தானிக்கு விளக்கமாக ‘இந்தி அல்லது உருது’ என்றும் இருந்தது. ஏழு மாதத்தில் எல்லாம் மாறியது. பிரிவினை முடிவானதும், 1947 ஜூலையில் காங்கிரஸ் உறுப்பினர்கள் கூடி வாக்கெடுத்தார்கள். இந்திக்கு 63, இந்துஸ்தானிக்கு 32. நாகரி எழுத்து மட்டும் போதும் என்பதற்கு 63, எதிராக 18. பாகிஸ்தான் உருதை எடுத்துக்கொண்டது, இனி நமக்கு எதற்கு நடுவழி என்ற மனநிலை. காந்தி அதற்குப் பிறகும் இரண்டு எழுத்துகளுக்காகப் பேசினார், எழுதினார். சில மாதங்களில் அவரும் இல்லை. பிரிவினை நிலத்தோடு நிற்காமல் ஒரு மொழியின் பெயரையும் கொண்டுபோனது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆனாலும் முழுதாக அழியவில்லை. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இந்தியும் உருதும் தனித்தனியாக இருக்கின்றன, இந்துஸ்தானி இல்லை. ஆனால் 351-ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தியை வளர்க்கும்போது இந்துஸ்தானியிலும் அட்டவணையில் உள்ள பிற மொழிகளிலும் வழங்கும் வடிவங்களையும் நடையையும் சொல்லாட்சிகளையும் உட்கிரகிக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அட்டவணையில் இடம் கிடைக்காத ஒரு மொழியைச் சட்டம் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறது. அதே வாக்கியம் சொற்களுக்கு முதன்மையாகச் சமஸ்கிருதத்தை நாடச் சொல்கிறது. நடைமுறையில் வென்றது இந்தப் பாதிதான்.

சுபாஷ் சந்திர போஸ் மூன்றாவதாக ஒரு வழி பார்த்தார். 1938 காங்கிரஸ் ஹரிபுரா மாநாட்டிலேயே, இந்த எழுத்துச் சண்டை தீர ரோமன் எழுத்து நல்லது என்றார். சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தை நடத்தியபோது இந்துஸ்தானியை ரோமன் எழுத்தில்தான் புழங்க வைத்தார். மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழர்கள் அணிவகுப்பு ஆணைகளை அந்த மொழியில் கற்றார்கள். அவருடைய உரைகள் தமிழிலும் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டன. தமிழர்கள் இந்துஸ்தானியை விரும்பிக் கற்ற இடம் ஒன்று உண்டென்றால் அது இந்த ராணுவம்தான். அங்கே அது தமிழின் இடத்தைக் கேட்கவில்லை.

இன்று இந்துஸ்தானி ஒரு வாழும் அடையாளமாக இருப்பது சூரினாமில். 1873 ஜூன் 5 அன்று ‘லல்லா ரூக்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு பாராமரிபோ வந்து சேர்ந்தது. 1916 வரை 34,000-க்கும் மேற்பட்டவர்கள் அந்த டச்சுக் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பெரும்பாலும் கிழக்கு உத்தரப் பிரதேசம், மேற்குப் பீகார். ‘ஸ்ரீராம் தேசம்’ போகிறோம் என்று சொல்லித் தரகர்கள் ஏற்றிவிட்டார்கள் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். போஜ்புரியும் அவதியும் மகஹியும் பேசியவர்கள் ஒரே குடியிருப்பில் கலந்து, சர்நாமி என்ற புது மொழி உருவானது. அதைச் சர்நாமி இந்துஸ்தானி என்றும் சொல்வார்கள். எழுதுவது ரோமன் எழுத்தில்.

அங்கே இந்துஸ்தானி என்றால் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. எந்த வீட்டுப் பெயர், எந்த வழிபாடு என்பது அந்தச் சொல்லுக்குள் வரவே இல்லை. 1975-ல் சூரினாம் விடுதலை அடைந்தபோது அவர்களில் ஏராளமானோர் நெதர்லாந்துக்குக் குடியேறினார்கள். ஹேக் நகரத்தில் அவர்கள் பெரிய சமூகம். பெங்களூரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களை டச்சுக்காரர்கள் ‘இந்தியர்’ என்கிறார்கள். சூரினாம் வழி வந்தவர்கள் ‘இந்துஸ்தானி’. அந்த நாட்டில் இரண்டும் வேறு வேறு மக்களின் பெயர்கள்.